அணைத்தாலும் அணையாத பல்பு: வீட்டு ஒயரிங் கேள்வி பதில்

இந்த இதழில் லைட் பாயின்ட், சுவிட்ச் போர்டு, பழைய ஒயரிங் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். மோட்டார், கீஸர் கேள்விகளுக்கு அடுத்த முறை இடம்.

கேள்வி: ஹாலில் இருந்த குண்டு பல்பை எடுத்துவிட்டு 9 வாட் எல்இடி பல்பு மாட்டினோம். சுவிட்சை அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறது. சில நேரம் மின்மினி மாதிரி விட்டுவிட்டு மினுக்குகிறது. வேறு பல்பு மாட்டியும் அதே கதை. கரண்ட் பில் ஏறுமா? ஆபத்து ஏதும் உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பில் ஏறாது. ஆபத்தா என்பது, எதனால் எரிகிறது என்பதைப் பொறுத்தது.

60 வாட் குண்டு பல்பு முழுதாக எரிய ஏறக்குறைய 260 மில்லி ஆம்பியர் வேண்டும். அதில் ஒரு மில்லி ஆம்பியர் கசிந்து ஓடினால் இழை கண் சிமிட்டக்கூடச் செய்யாது. எல்இடி பல்புக்குள் இருக்கும் கெப்பாசிட்டரோ அந்தக் கசிவைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து வைத்து, நிறைந்ததும் ஒரு மினுக்கு மினுக்கிக் காலியாகும். மறுபடி நிறையும். ஆக, கசிவு உங்கள் வீட்டில் முன்பே இருந்தது, புதுப் பல்பு அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் சுவிட்சைப் பாருங்கள். அணைத்தால் சிவப்பாக ஒளிரும் இண்டிகேட்டர் உள்ள சுவிட்சா? அந்தச் சின்ன நியான் எரியத் தேவையான கரண்ட் பல்பு வழியாகத்தான் ஓடுகிறது. இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் போட்டால் தீர்ந்தது. இதில் ஆபத்து இல்லை.

இண்டிகேட்டர் இல்லையென்றால் அடுத்த சந்தேகம் கொஞ்சம் கனமானது: சுவிட்ச் ஃபேஸை (கரண்ட் வரும் ஒயர்) வெட்டாமல் நியூட்ரலை (கரண்ட் திரும்பும் ஒயர்) வெட்டுகிறது. அப்படியானால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரின் ஒரு முனையில் 230 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். நாற்காலி போட்டு ஏறிப் பல்பு மாற்றுபவருக்கு ஷாக் அடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பல்பு ஹோல்டரிலேயே இருக்கட்டும். சுவிட்சை அணைத்து, போர்டைத் திறந்து, சுவிட்சின் இரண்டு ஸ்க்ரூவிலும் டெஸ்டரை வையுங்கள். ஒயரிங் சரியாக இருந்தால் லூப் (ஒரு சுவிட்சிலிருந்து அடுத்த சுவிட்சுக்குத் தாவிப் போகும் ஒயர்) வந்து சேரும் ஸ்க்ரூவில் டெஸ்டர் பளிச்சென்று எரியும், பல்புக்குப் போகும் ஸ்க்ரூவில் எரியாது. தலைகீழாக, லூப் பக்கம் இருண்டு, பல்புக்குப் போகும் பக்கம் எரிந்தால், ஃபேஸ் நேராக ஹோல்டருக்குப் போய், பல்பைத் தாண்டி சுவிட்சுக்கு வந்து நிற்கிறது என்று அர்த்தம். கரண்ட் இருக்கும்போது செய்யும் சோதனை இது. போர்டு திறந்து பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, இதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

ஒரே பல்பில் மட்டும் இப்படி என்றால் அந்தப் போர்டில் ஒயரை மாற்றிக் கொடுத்தால் போதும். வீட்டில் எல்லா எல்இடியும் மினுக்கினால், டிபி பாக்ஸுக்கு (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி) வரும் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. மெயின் வேலை எதாவது நடந்த பிறகு இது தொடங்கியதா என்று யோசித்துப் பாருங்கள். இந்த நிலையில் அதில் உள்ள ஒற்றை எம்சிபிகள் (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்சுகள்) எல்லாம் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருக்கும். எம்சிபியை இறக்கிவிட்டோம் என்று நம்பிக் கை வைத்தால் ஃபேஸ் அங்கேயே இருக்கும். அன்றைக்கே சரிசெய்ய வேண்டிய வேலை.

மூன்றாவது காரணம் தீங்கற்றது. சுவிட்சிலிருந்து பல்புக்குப் போகும் ஒயர், எப்போதும் ஃபேஸ் ஓடும் இன்னொரு ஒயரோடு ஒட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து மீட்டர் ஒரே பைப்பில் போனால், தொடாமலே கொஞ்சம் மின்சாரம் தாவும். டூ வே சுவிட்ச் போட்ட மாடிப்படி விளக்குகளில் இது சகஜம். நிறுத்த வேண்டுமென்றால் ஹோல்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபேரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகை (மெயின் லைனில் நேராகப் போடத் தகுந்த) கெப்பாசிட்டர் ஒன்று போதும். ரேடியோ பழுது பார்க்கும் கடையில் கிடைக்கும் சாதாரண டிசி கெப்பாசிட்டரை வாங்கிப் போடாதீர்கள், வெடிக்கும்.

கேள்வி: மாடிப்படியில் டூ வே சுவிட்ச். மேலே கீழே இரண்டு இடத்திலும் போடலாம், அணைக்கலாம், குறையே இல்லை. ஆனால் விளக்கு அணைந்திருக்கும்போது பல்பைக் கழற்றப் போன என் மகனுக்கு ஷாக் அடித்தது. எலக்ட்ரீஷியன் "ஒயர் மிச்சம் பிடித்துச் செய்தது, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அப்படி இருக்கக் கூடாது. "மிச்சம் பிடித்தது" என்ற சொல்லிலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது.

கீழ்ப் போர்டில் இருக்கும் ஃபேஸையும் நியூட்ரலையும் டூ வே சுவிட்சின் இரண்டு ஓர முனைகளில் கொடுத்து, நடு முனையிலிருந்து ஒரே ஒயரை ஹோல்டருக்கு விட்டிருப்பார். மேல் போர்டிலும் அதேபோல. இரண்டு சுவிட்சுக்கும் நடுவில் ஒயரே ஓட வேண்டாம் என்பதுதான் மிச்சம். ஒரு பக்கம் ஃபேஸ், மறுபக்கம் நியூட்ரல் என்றால் விளக்கு எரியும். இரண்டு பக்கமும் நியூட்ரல் என்றால் அணையும். இரண்டு பக்கமும் ஃபேஸ் வந்தாலும் அணையும், ஆனால் அப்போது ஹோல்டரின் இரண்டு முனையிலும் 230 வோல்ட். உங்கள் மகன் கை வைத்தது அந்த நேரத்தில்.

இன்னொரு மோசமும் உண்டு. உங்கள் வீட்டில் மூன்று ஃபேஸ் சர்வீஸ் இருந்து, கீழ்த்தளம் ஒரு ஃபேஸிலும் மாடி வேறு ஃபேஸிலும் ஓடினால், இரண்டு சுவிட்சும் ஃபேஸ் பக்கம் சேரும்போது பல்புக்குக் கிடைப்பது 400 வோல்ட். பல்பு வெடிப்பதற்கு அது போதும்.

சரியான முறை இது. கீழ்ப் போர்டின் ஃபேஸ், கீழ் சுவிட்சின் நடு முனைக்கு. கீழ் சுவிட்சின் இரண்டு ஓர முனைகளிலிருந்து இரண்டு ஒயர், மேல் சுவிட்சின் இரண்டு ஓர முனைகளுக்கு. மேல் சுவிட்சின் நடு முனையிலிருந்து ஒரு ஒயர் ஹோல்டருக்கு. ஹோல்டரின் மறு முனைக்கு நியூட்ரல், அதுவும் ஃபேஸ் எடுத்த அதே கீழ்ப் போர்டிலிருந்து. மேல் போர்டின் ஃபேஸும் நியூட்ரலும் இந்த விளக்கின் பக்கமே வரக் கூடாது.

உங்கள் வீட்டில் பைப் கீழ்ப் போர்டிலிருந்து விளக்குக்கும், விளக்கிலிருந்து மேல் போர்டுக்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒவ்வொரு பகுதியிலும் ஒரு ஒயர்தான் இருக்கும். சரியான முறையில் மூன்று வேண்டும்: கீழே இரண்டு இணைப்பு ஒயரும் ஒரு நியூட்ரலும், மேலே இரண்டு இணைப்பு ஒயரும் ஹோல்டருக்கு இறங்கும் ஒன்றும். ஆறு ஆறு மீட்டர் தூரம் என்றால் வேண்டிய புது ஒயர் 36 மீட்டர், போர்டுக்குள் விடும் நீளம் தனி. பழைய ஒயரின் நுனியில் புது ஒயர் மூன்றையும் கட்டி, மறுபக்கம் இழுத்தால் வந்துவிடும். இறுகினால் டால்கம் பவுடர் தூவுங்கள். எண்ணெய், கிரீஸ் கூடாது, பிவிசி உறையை அது கெடுக்கும்.

டூ வே சுவிட்சில் நடு முனை எது என்பதில் கவனம். பெரும்பாலான சுவிட்சுகளில் பின்பக்கத்து மூன்று ஸ்க்ரூவில் நடுவில் இருப்பதுதான். ஆனால் பின்பக்கத்தில் அச்சிட்ட படத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். தவறாகக் கொடுத்தால், ஒரு சுவிட்ச் குறிப்பிட்ட பக்கம் இருந்தால்தான் மற்றது வேலை செய்யும். "மேல் சுவிட்ச் போட்டிருந்தால்தான் கீழ் சுவிட்ச் கேட்கிறது" என்று வரும் புகார்களுக்கு முக்கால்வாசி இதுதான் காரணம்.

கேள்வி: சுவிட்ச் ஒன்று கருகிவிட்டது. நானே மாற்றலாமா? சட்டப்படி தப்பா?
– வாசகர், ஈரோடு

பதில்: தப்பில்லை. மின் வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும் என்கிற மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதியே பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, இணைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றுவதற்கு விலக்கு கொடுத்திருக்கிறது. புதுப் பாயின்ட் எடுப்பது, லைன் நீட்டுவது, வீட்டையே ரீவயரிங் செய்வது எல்லாம் அந்த விலக்குக்குள் வராது.

அந்தப் போர்டின் எம்சிபியை இறக்குங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெயினையே அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைன் உயிரோடு இருக்கும், மெயின் போனதும் அது இன்னும் சுறுசுறுப்பாகக் கரண்டை அனுப்பும். ஒரே போர்டில் இரண்டு சுவிட்ச் இன்வெர்ட்டரிலும் மீதி நேர் லைனிலும் இருப்பது தமிழ்நாட்டு வீடுகளில் சாதாரணம்.

டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் ஒரு பிளக்கில் வைத்து எரிகிறதா பாருங்கள். பிறகு வேலை செய்யப் போகும் போர்டின் எல்லா ஸ்க்ரூவிலும் வையுங்கள். மறுபடி அந்த நல்ல பிளக்கில். மூன்றாவது தடவை எதற்கு என்றால், நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் தெரிய வேண்டாமா?

மாடுலர் போர்டானால் வெளி பிளேட்டின் கீழ் விளிம்பில் உள்ள பள்ளத்தில் சின்ன ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் பிளேட் கழன்று வரும். உள்ளே இரண்டு ஸ்க்ரூ. கழற்றி, முன்னால் இழுத்து, எதையும் தொடும் முன் செல்ஃபோனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கருகிய சுவிட்சில் இருக்கும் ஒயரை உருவி நுனியைப் பாருங்கள். செம்பு கறுத்து, உறை கெட்டியாகி நொறுங்கினால் பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டித் தள்ளுங்கள். கறுத்த நுனியை அப்படியே புது சுவிட்சில் திருகினால் ஆறு மாதத்தில் இதே இடம் மறுபடி கருகும்.

உறையை 10 மில்லிமீட்டருக்கு உரித்து, இழைகளை வலப்பக்கமாக முறுக்கி, நுனியை இரட்டையாக மடித்து முனைக்குள் விடுங்கள். மெல்லிய ஒயரைத் தனியாக விட்டால் ஸ்க்ரூ ஓரமாக வழுக்கி இரண்டு இழையை மட்டும் பிடித்துக்கொள்ளும். ஸ்க்ரூ உறையைக் கடிக்கக் கூடாது, வெளியே செம்பும் தெரியக் கூடாது. திருகியபின் ஒயரை ஒரு இழுப்பு இழுங்கள். வராவிட்டால் சரி. லூப் ஒயரைக் கழற்றியிருந்தால் அதற்கு அடுத்த சுவிட்சுகளும் அந்த வழியாகத்தான் ஃபேஸ் வாங்குகின்றன என்பதை மறக்காதீர்கள்.

சுவிட்ச் ஏன் கருகியது என்பதையும் யோசியுங்கள். தளர்ந்த ஸ்க்ரூ முதல் காரணம். அணைக்கும்போது "சரசர" என்று சத்தம் கேட்டிருந்தால் அதேதான். இரண்டாவது, 6 ஆம்பியர் சுவிட்சில் வாட்டர் ஹீட்டர். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3 ஆம்பியர்தான் இழுக்கும், தாங்கும். 2000 வாட் ஹீட்டர் 8.7 ஆம்பியர், தாங்காது. அதற்கு 16 ஆம்பியர் சுவிட்சும் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரும் வேண்டும். சுவிட்சை மட்டும் பெரிதாக்கி ஒயரை அப்படியே விட்டால் கருகும் இடம் சுவருக்குள் போகும், அவ்வளவுதான்.

கேள்வி: காரைக்குடி அருகே தாத்தா கட்டிய வீடு. மர ரீப்பரில் கிளிப் அடித்த பழைய ஒயரிங், மரப்பெட்டி சுவிட்ச் போர்டு, பீங்கான் ஃபியூஸ். எர்த் இல்லை. முழுதும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். லைட் மட்டுமாவது மாற்றினால் போதாதா? சுவரை உடைக்க மனமில்லை.
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: உடைக்க வேண்டாம், உடைக்கவும் கூடாது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் இழைத்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு இருந்தால், அதில் காடி வெட்டி சிமென்ட் வைத்து மூடிய தடம் எந்தப் பெயின்ட்டுக்கும் மறையாது. ரீப்பர் இருந்த அதே தடத்தில் பிவிசி கேசிங் கேப்பிங் (மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டை) ஓட்டுங்கள். பழைய ஆணித் துளைகளையும் அது மறைத்துவிடும். உத்தரத்து மரத்தின் மேல் வெறும் ஒயரைப் படரவிடாமல், அங்கும் கேசிங்குக்குள்ளேயே போகட்டும்.

பாதி மாற்றம் சரிவராது. பழைய ரப்பர் உறை ஒயர் அசையாமல் கிடக்கும்வரை நன்றாகத்தான் இருக்கும். ஹோல்டரை மாற்றுவதற்காக வளைத்தீர்களோ, உறை பொறிப்பொறியாக உதிரும். சந்தேகமிருந்தால் மெயினை அணைத்துவிட்டு, சீலிங் ரோஸை (கூரையில் ஒயர் இறங்கும் வட்டப் பெட்டி) திறந்து ஒயர் நுனியை மெதுவாக வளைத்துப் பாருங்கள். பிளந்தால் பேச்சே இல்லை. அந்தக் கால ஒயர் சில வீடுகளில் அலுமினியமாகவும் இருக்கும். அதைச் செம்பு ஒயரோடு முறுக்கி டேப் சுற்றினால், இரண்டு உலோகமும் சேரும் இடம் துருவேறித் தளர்ந்து சூடாகும். பழைய ஒயரிங்கில் புதுப் பாயின்ட் சேர்க்கும்போது தீப்பிடிக்கும் இடம் அந்த முறுக்குதான்.

கணக்கைப் பார்ப்போம். லைட், ஃபேன், 6 ஆம்பியர் பிளக் சேர்த்து ஒரு சர்க்யூட்டில் 10 பாயின்ட், மொத்தம் 800 வாட்டுக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் பழைய கணக்கு. எல்இடி வந்தபின் 800 வாட்டை யாரும் தொடுவதில்லை, ஆனால் 10 பாயின்ட் வரம்பு இன்றைக்கும் நல்லது. பழுது வந்தால் வீடு முழுக்க இருட்டாகாது. முற்றம், இரண்டு பட்டாலை (கூடம்), நான்கு அறை, சமையலறை உள்ள வீட்டுக்கு குறைந்தது நான்கு லைட் சர்க்யூட் வேண்டும்.

போர்டிலிருந்து பாயின்ட்டுக்கு 1.5 ஸ்கொயர் செம்பு ஒயர், டிபியிலிருந்து போர்டுக்கு 2.5, 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4. ஃபேஸுக்கு சிவப்பு அல்லது மஞ்சள் அல்லது நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. "கையில் இருக்கிற கலரை ஓட்டுவோம்" என்று சொல்பவருக்கு அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிடலாம். ஒரு ஒயர் சுருள் 90 மீட்டர். ஒரு அறையில் ஐந்து பாயின்ட், போர்டிலிருந்து சராசரி 7 மீட்டர் என்றால், ஃபேஸ் 35, நியூட்ரல் 35, எர்த் 35 மீட்டர். இந்த மாதிரி வீட்டின் உயரமான விட்டத்துக்கு ஏறி இறங்குவதால் இதில் கால்வாசியைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதாவது அறை ஒன்றுக்கு நிறத்துக்கு 45 மீட்டர், இரண்டு அறைக்கு நிறத்துக்கு ஒரு சுருள்.

எம்சிபி ஒயரைக் காக்கத்தான். 1.5 ஒயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர், 2.5 ஒயருக்கு 16, 4 ஒயருக்கு 20. ஒரே சர்க்யூட்டில் 2.5-உம் 1.5-உம் இருந்தால் சின்ன ஒயரைப் பார்த்துத்தான் எம்சிபி. அடிக்கடி விழுகிறது என்று 10-ஐ எடுத்துவிட்டு 32 போடுபவர்கள் இருக்கிறார்கள். பிறகு எம்சிபி விழாது, ஒயர்தான் உருகும். டிபியின் முகப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் கருவி) கட்டாயம் வையுங்கள்.

எர்த் புதிதாகப் போட வேண்டும். வெளியே ஈரம் தங்கும் இடத்தில் 2.5 மீட்டர் நீள ஜிஐ பைப் இறக்கி, அங்கிருந்து டிபிக்குத் தனி ஒயர். தண்ணீர்க் குழாயில் கட்டி "எர்த் ஆச்சு" என்பது எர்த் இல்லை. இரும்பு, பித்தளை உடம்புள்ள எந்த விளக்குக்கும் எர்த் கொடுங்கள். பட்டாலையில் தொங்கும் பழைய பித்தளைச் சர விளக்கைக் கட்டாயம் இதில் சேர்க்க வேண்டும். அதற்குள் ஓடும் ஒயரையும் மாற்றி, எடையைச் சங்கிலி தாங்கும்படி, ஒயரில் தொங்காதபடி விடுங்கள்.

ஜாயின்ட் எல்லாம் போர்டிலோ ஜங்ஷன் பாக்ஸிலோ மட்டும், கேசிங்குக்குள் ஒன்றுகூட வேண்டாம். வேலை நடக்கும் நாட்களில் பழைய லைனும் புது லைனும் எந்த இடத்திலும் சேரக் கூடாது. முடிந்ததும், பல்பு, ரெகுலேட்டர் எதையும் மாட்டும் முன், 500 வோல்ட் மெகர் (ஒயர் உறையில் கசிவு உண்டா என்று அளக்கும் கருவி) வைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் எங்கோ ஆணி உறையைக் கடித்திருக்கிறது. புது ஒயரிங்கில் இதைவிடப் பல மடங்கு வர வேண்டும். மெகர் இல்லை என்று சொல்பவரிடம் முழு வீட்டு ரீவயரிங்கைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: புதிதாக ஆர்சிசிபி வைத்தோம். பெட்ரூம் லைட்டைப் போட்டால் மட்டும் விழுகிறது. 9 வாட் பல்புதான். எலக்ட்ரீஷியன் "ஆர்சிசிபி ரொம்ப சென்சிட்டிவ், எடுத்துவிடுங்கள்" என்கிறார்.
– வாசகி, தாம்பரம்

பதில்: எடுக்காதீர்கள். அது தன் வேலையைச் செய்கிறது.

ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று பார்ப்பது மட்டுமே ஆர்சிசிபியின் வேலை. வித்தியாசம் 15-லிருந்து 30 மில்லி ஆம்பியருக்குள் வந்தால் விழும். 9 வாட் பல்பு ஒன்றே 40 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. அந்தப் பல்பின் ஃபேஸ் ஆர்சிசிபி வழியாகப் போய், நியூட்ரல் வேறு வழியாகத் திரும்பினால், முழு 40-ம் வித்தியாசம். பெட்ரூம் லைட்டுக்கு நியூட்ரல் பக்கத்து அறைப் போர்டிலிருந்தோ, இன்வெர்ட்டர் லைனிலிருந்தோ, மாடி வீட்டு லைனிலிருந்தோ கடன் வாங்கியிருக்கிறது. அந்தப் பல்பின் நியூட்ரல் எந்தப் போர்டுக்குப் போகிறது என்று தொடர்ந்து பார்த்து, ஃபேஸ் எங்கிருந்து வருகிறதோ அங்கேயே கொண்டுவந்து சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டர் வைத்த வீட்டில் இன்னொன்றும் பாருங்கள். இன்வெர்ட்டருக்குப் போகும் ஃபேஸை ஆர்சிசிபிக்கு முன்னால் எடுத்து, லைட்டுகளின் நியூட்ரலை ஆர்சிசிபிக்குப் பின்னால் உள்ள நியூட்ரல் லிங்கில் (நியூட்ரல் ஒயர்கள் சேரும் பட்டை) விட்டிருந்தாலும் இதேதான் நடக்கும். இரண்டும் ஒரே பக்கம் இருக்க வேண்டும்.

எந்த விளக்கைப் போட்டாலும் விழுகிறது, எல்லா எம்சிபியையும் இறக்கினாலும் சில நேரம் விழுகிறது என்றால் அது வேறு நோய்: நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. மெயினை அணைத்து, நியூட்ரல் லிங்கில் இருக்கும் கறுப்பு ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்துக்கு அளந்தால் சிக்கிவிடும். ஸ்க்ரூ ஏறி நசுங்கிய ஒயர் போர்டின் இரும்புப் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

கேள்வி: பழைய டியூப் லைட் பட்டியில் எல்இடி டியூப் மாட்டலாமா? மாட்டியதும் "டப்" என்று எம்சிபி விழுந்தது.
– வாசகர், கடலூர்

பதில்: டியூபின் மேலே உள்ள ஸ்டிக்கரைப் படித்தீர்களா? எல்இடி டியூபில் இரண்டு ஜாதி. ஒன்றில் ஒரு முனையின் இரண்டு ஊசிகளுக்கே ஃபேஸும் நியூட்ரலும், மறுமுனை சும்மா பிடித்துக்கொள்ள. மற்றதில் ஒரு முனைக்கு ஃபேஸ், மறுமுனைக்கு நியூட்ரல். முதல் ஜாதியில் சும்மா இருக்கும் முனையின் இரண்டு ஊசிகள் உள்ளே ஒன்றாக இணைந்திருப்பது உண்டு. அந்தப் பக்கம் ஃபேஸும் நியூட்ரலும் கொடுத்தால் நேரடி ஷார்ட். உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். டியூபைத் திருப்பி மாட்டினால் விளக்கு ஒழுங்காக எரியும்.

சோக், ஸ்டார்ட்டர் இரண்டையும் கழற்றி, ஒயரை நேராகக் கொடுத்துத்தான் மாட்ட வேண்டும். எலக்ட்ரானிக் சோக் இருந்தால் இது கட்டாயம். ஆனால் பட்டியின் ஹோல்டர் மஞ்சளடித்து, பிடிப்பு தளர்ந்திருந்தால் இந்த வேலையே வேண்டாம். 20 வாட் எல்இடி பட்டியாகவே வாங்கி, ஃபேஸ், நியூட்ரல் இரண்டு ஒயர் கொடுத்துவிட்டுப் போகலாம்.

கேள்வி: ஃபால்ஸ் சீலிங்கில் உள்ள பேனல் லைட் எரிந்து எரிந்து அணைகிறது. முழு லைட்டையும் மாற்ற வேண்டுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: பெரும்பாலும் டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) மட்டும்தான் போயிருக்கும். எம்சிபியை இறக்கி, ஸ்பிரிங் கிளிப்பை மடக்கி லைட்டைக் கீழே இழுத்தால், ஒயரின் நுனியில் சின்ன வெள்ளைப் பெட்டி தொங்கும். அதில் "அவுட்புட்" என்று போட்டிருக்கும் மில்லி ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு 300 மில்லி ஆம்பியர், 24–42 வோல்ட். கடையில் வாட் சொல்லி வாங்காமல் இந்த எண்களைக் காட்டி வாங்குங்கள். மில்லி ஆம்பியர் கூடினால் எல்இடி கருகும். முதலில் லைட்டை டிரைவரோடு சேர்த்துவிட்டு, பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். கரண்ட் இருக்கும் டிரைவரில் லைட்டின் பின்னைச் செருகினால், அந்த நொடியில் எழும் அதிக வோல்ட் எல்இடியை அடித்துவிடும்.

கேள்வி: ஃபேன் ரெகுலேட்டரில் எல்இடி பல்பைக் கொடுத்து வெளிச்சத்தைக் குறைக்கலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: கூடாது. பல்பு மினுக்கும், ரீங்காரமிடும், சீக்கிரம் சாகும். "டிம்மபிள்" என்று அச்சிட்ட பல்பும் அதற்குரிய எல்இடி டிம்மரும் வாங்குங்கள்.

கேள்வி: ஐப்பசி மழை தொடங்கினால் வாசல் விளக்கில் தண்ணீர் தேங்கி ட்ரிப் ஆகிறது. ஓட்டையெல்லாம் சிலிக்கான் வைத்து அடைத்தாயிற்று.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கீழ் ஓட்டையையும் அடைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது! விளக்கின் மேல் விளிம்புக்கும் இரண்டு பக்கத்துக்கும் மட்டும் சிலிக்கான் வையுங்கள், கீழே திறந்திருக்கட்டும். எப்படியும் கொஞ்சம் ஈரம் உள்ளே போகும், அது வடிய வழி வேண்டும்.

தண்ணீர் கண்ணாடி வழியாக மட்டுமல்லாமல் ஒயர் வழியாகவும் வரும். மேலிருந்து இறங்கும் ஒயர் நேராக விளக்குக்குள் போனால் மழை அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும். ஒயரை விளக்குக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு, வளைத்து, அடிப்பக்கமாக உள்ளே விடுங்கள். வளைவின் அடியில் நீர் சொட்டிவிடும். விளக்கு ஐபி65 (தூசியும் மழையும் புகாத தரம்) என்று போட்டதாக இருக்கட்டும். இப்போதுள்ளதைத் திறந்து ஹோல்டரைப் பாருங்கள். பித்தளை முனையில் பச்சைப் பூத்திருந்தால் அதை மாற்றாமல் மற்றது எதைச் செய்தும் ட்ரிப் நிற்காது.